புது லெப்டொப்புக்குப் பழைய விண்டோஸ் எதற்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. தெல்தோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பிள்ளைகளுக்கு லெப்டொப் வாங்கிக் கொடுத்தவர்களும், வாங்கிக் கொடுக்க யோசித்துக்கொண்டிருப்பவர்களும் கடைசிவரை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

கடந்த மாதம் ஒரு மஃரிபுக்குப் பிறகு, உயர்தரம் படிக்கும் மாணவி ஒருத்தி தன் மாமாவுடன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் புத்தம்புது லெப்டொப். மூடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கூட இன்னும் கழற்றவில்லை.

"சேர், சூம் கிளாஸ் ஒன்டும் பாக்க ஏலாம ஈக்கி. வைஃபையே காட்டுதில்ல" என்றாள்.

அந்தப் பிள்ளையின் உம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அவர் மிச்சம் பிடித்து அனுப்பிய காசில்தான் கண்டியில் அந்த லெப்டொப்பை வாங்கியிருக்கிறார்கள். தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு டியூஷன் போய்வருவதென்றால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளை இருட்டிய பிறகு வந்து இறங்க வேண்டும் என்ற பயம் வேறு. ஆகவே வீட்டிலிருந்தே வகுப்பைப் பார்க்கட்டும் என்பதற்காக வாங்கிய சாமான் அது. வாங்கி ஐந்து கிழமை. ஒரு வகுப்பையும் அதில் பார்க்கவில்லை. கூட்டாளி போனில் அனுப்பும் படங்களைப் பார்த்து நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

திறந்து பார்த்தோம். உள்ளே விண்டோஸ் 7.

வைஃபை இல்லை. டச்பேட் பாதிதான் வேலை செய்கிறது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை. ஒரு வீடியோவைப் போட்டால் படம் இழுத்து இழுத்து வருகிறது. சாமானில் ஒரு பிழையும் இல்லை. விண்டோஸ் 11 உடன் விற்கப்பட்ட லெப்டொப் அது. வாங்கிய இரண்டாம் நாளே மாமா அதை அழித்துவிட்டு விண்டோஸ் 7 போடச் சொல்லியிருக்கிறார்.

மாமாவைக் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர். கல்யாணக் கார்ட், பள்ளிவாசல் அறிவித்தல், கணக்கறிக்கை என்று ஊருக்கு வேண்டியதையெல்லாம் பல வருடங்களாக டைப் செய்து கொடுப்பவர். அவருக்குப் பழகியது விண்டோஸ் 7. "புதுசுல பாமினி வேல செய்யாதாம் எண்டு சென்னாங்க சேர். புள்ளைக்கும் பழகின ஒண்டு இருந்தா நல்லந்தானே எண்டு நெனச்சன்" என்றார்.

இந்தப் பதிவு அவரைப் பற்றியதல்ல. நம் எல்லோரைப் பற்றியதும்தான். முதலில் எங்களைப் பற்றியதையே சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன்பு நாங்கள் கற்பித்த ஒரு பாடசாலைக்குப் பழைய மாணவர்கள் ஒரு புதிய கணினியை அன்பளிப்புச் செய்தார்கள். பரீட்சை வேலைகளுக்காக. அதில் விண்டோஸ் 7தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர்கள் நாங்கள். பழைய வினாத்தாள்கள், பழைய ப்ரின்டர், பழகிய கை என்று காரணங்கள் சொன்னோம். கணினியோ அதை ஏற்க மறுத்தது. யாரோ மாற்றியமைத்து இணையத்தில் போட்டிருந்த ஒரு விண்டோஸ் 7 பிரதியைத் தேடிப்பிடித்து, இரண்டு இரவு மினக்கெட்டுப் போட்டோம். அதைச் செயற்படுத்த ஓர் 'அக்டிவேட்டர்' இறக்கினோம். அது ஓட வேண்டுமென்றால் அன்டிவைரஸை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினோம். வெற்றி பெற்றுவிட்டதாகச் சந்தோஷப்பட்டோம்.

தவணைப் பரீட்சை முடிந்து புள்ளிகளெல்லாம் ஏற்றிய பிறகு ஒரு நாள் காலையில் திறந்தால் ஒரு கோப்பும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத ஒரு சொல் ஒட்டியிருந்தது. கூடவே, டொலரில் காசு அனுப்பினால் திறந்து தருவோம் என்று ஒரு கடிதம். ரன்சம்வெயார் என்பது இதுதான். புள்ளிப் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு மூன்று வகுப்புகளின் புள்ளிகளை மறுபடியும் ஏற்றினோம். ஆனால் பல ஆசிரியர்கள் வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த வினாத்தாள்கள் போனது போனதுதான். அந்த ஆசிரியர்கள் எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகவே இது அனுபவித்தவர்களின் பேச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

*ஏன் புதிய லெப்டொப் பழைய விண்டோஸை ஏற்பதில்லை?*

விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 ஒக்டோபரில். லெப்டொப்பில் வைஃபை, திரை, டச்பேட், வன்தட்டு என்று ஒவ்வொரு பாகத்துக்கும் 'ட்ரைவர்' என்ற சிறிய மென்பொருள் வேண்டும். அந்தப் பாகத்தை எப்படி வேலை வாங்குவது என்று பணிசெயல் முறைமைக்குச் சொல்லிக்கொடுப்பது அதுதான். 2009இல் எழுதிய ஒன்றுக்கு, அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு செய்த பாகத்தைத் தெரியாது. பாகத்தைச் செய்தவர்கள் பழைய விண்டோஸுக்கென்று ட்ரைவர் எழுதித் தந்தால்தான் உண்டு. இப்போது அவர்கள் எழுதுவதில்லை.

விண்டோஸ் 7இன் மூலப் பிரதியில் யூஎஸ்பி 3.0 ட்ரைவர் கிடையாது. அதனால் புதிய லெப்டொப்பில் போட ஆரம்பித்ததுமே மவுஸும் கீபோர்டும் செத்துப்போன மாதிரி நிற்கும். இப்போது வரும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியையும் அந்தப் பிரதிக்குத் தெரியாது. "வன்தட்டே இல்லை" என்று சொல்லும். புதிய லெப்டொப்கள் இயங்க ஆரம்பிக்கும் முறையும் மாறிவிட்டது. முன்பிருந்த பயோஸ் முறைக்கு இடம் கொடுக்கும் வசதியைப் பல புதிய லெப்டொப்களில் எடுத்தே விட்டார்கள். அப்படிப்பட்டதில் "ஸ்டார்ட்டிங் விண்டோஸ்" என்ற இடத்திலேயே நின்றுவிடும்.

இவற்றையெல்லாம் தாண்டிப் போட்டுவிடலாம். கெட்டிக்காரத் தம்பிமார் போட்டும் கொடுக்கிறார்கள். ஆனால் அதற்காக 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பை நிறுத்த வேண்டும். யாரோ முகம் தெரியாதவர் மாற்றிய பிரதியை நம்ப வேண்டும். அவர் அதற்குள் வேறு என்ன வைத்தார் என்று யாருக்குத் தெரியும்?

இது இன்று நேற்று வந்த பிரச்சினையும் அல்ல. இன்டெல்லின் ஏழாம் தலைமுறை போன்ற புதிய புரொசஸர்களுக்கு விண்டோஸ் 10 மட்டும்தான் என்று மைக்ரோசொப்ட் 2016 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. 2017இல், அப்படிப்பட்ட கணினியில் விண்டோஸ் 7 போட்டிருந்தால் "உங்கள் வன்பொருளுக்கு ஆதரவில்லை" என்று சொல்லி அப்டேட்களை மறிக்கவும் தொடங்கியது. அது கம்பனியின் வியாபாரப் புத்தி என்று உலகம் முழுக்கப் பலர் திட்டினார்கள். அதில் நியாயமும் இருந்தது. ஆனால் நியாயம் யார் பக்கம் என்பது வேறு, நம் பிள்ளையின் லெப்டொப் வேலை செய்கிறதா என்பது வேறு.

*பாதுகாப்பு என்பது பெரிய ஆட்களுக்கு மட்டுமா?*

2017 மே 12ஆம் திகதி வொன்னாக்ரை என்ற ரன்சம்வெயார் உலகம் முழுக்கப் பரவியது. இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை வந்தது. அதில் அதிகமாக அடிபட்டவை விண்டோஸ் 7 கணினிகள். இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச் மாதத்தில் கொடுத்துவிட்டது. அதைப் போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

அன்று அப்டேட் இருந்தது, போடாததுதான் தவறு. இன்று விண்டோஸ் 7க்கு அப்டேட்டே கிடையாது. 2020 ஜனவரி 14ஆம் திகதியுடன் பொதுவான ஆதரவு முடிந்தது. காசு கட்டிய நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்ததும் 2023 ஜனவரியில் முடிந்தது. கூகுள் குரோமும் 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டது. புதிய ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் அது திறந்தபடியே இருக்கும்.

"எங்கட கம்பியூட்டர்ல திருட என்ன ஈக்கி?" என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளையின் படங்கள் இருக்கின்றன. உம்மா காசு அனுப்பும் வங்கிக் கணக்கை அதில்தான் திறந்து பார்க்கிறோம். பாடசாலைக் கணினியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பிறந்த திகதி, விலாசம், பெற்றோரின் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பள்ளிவாசல் கணினியில் ஸகாத் பெறும் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. யாருக்கு உதவி போகிறது என்று பக்கத்து வீட்டுக்கும் தெரியக்கூடாது என்று கவனமாகக் கொடுக்கிறோம். அந்தப் பட்டியலைப் பூட்டில்லாத பெட்டியில் வைப்பது சரியா? நம்மை நம்பித் தந்த விபரம் அமானிதம். நாட்டின் சட்டமும் இப்போது அதையே சொல்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது.

அமானிதம் என்று வந்தபிறகு அக்டிவேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆலிம்கள் அல்ல, அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. அடுத்தவர் உரிமை என்று பிள்ளைகளுக்கு வகுப்பில் பாடம் நடத்திவிட்டு, அதே கையால் பூட்டை உடைக்கும் மென்பொருளை ஓடவிட்டோம் என்பதை நினைத்தால் எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது.

*சொல்லப்படும் காரணங்கள்*

விண்டோஸ் 7 வேண்டும் என்பவர்களுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பாமினி வேலை செய்யாது." தவறு. பாமினி ஓர் எழுத்துரு மட்டுமே. விண்டோஸ் 11இலும் போடலாம், பழைய கோப்பும் அப்படியே திறக்கும். மாமாவின் பென் டிரைவிலிருந்த கோப்புகளை அவர் கண் முன்னாலேயே திறந்து காட்டினோம்.

ஆனால் பாமினியைப் பற்றி ஓர் உண்மையையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினி சேமித்துவைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில அடையாளங்களைத்தான். நமக்குத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அதனால்தான் பாமினியில் அடித்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் குப்பையாகத் தெரிகிறது. தேடினாலும் கிடைக்காது. யுனிகோடில் அடித்தால் எங்கும் தமிழாகவே இருக்கும். விரலுக்குப் பழகிய பாமினி விசைப்பலகையை மாற்றத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளில் அதே விசைகளை அடித்து யுனிகோட் தமிழைப் பெறலாம். பழைய பாமினிக் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றித்தரும் மாற்றிகளும் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

"பேஜ்மேக்கர் ஓடாது." இதில் ஓரளவு உண்மை உண்டு. பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001இல், அதுவே கடைசிப் பதிப்பு. புதிய விண்டோஸில் சிலருக்கு ஓடும், சிலருக்கு இடையில் நிற்கும். அச்சகம் வைத்திருப்பவர்கள் அதற்காக ஒரு பழைய கணினியை இணையத்தோடு இணைக்காமல் ஒதுக்கி வையுங்கள். அல்லது வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, புதிய விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் பழைய விண்டோஸை ஓடவிடுங்கள். பழையது அந்த ஜன்னலுக்குள் இருக்கும், லெப்டொப்பின் மற்ற வேலைகள் கெடாது.

"அப்டேட் டேட்டாவைத் தின்கிறது." இது நியாயமான கவலை. டொங்கிளில் பெக்கேஜ் போட்டுப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு ஜிபியும் காசு. வைஃபை செட்டிங்கில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்ற ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் பெரிய அப்டேட்கள் தாமாக இறங்குவது பெரும்பாலும் நின்றுவிடும். மாதத்தில் ஒரு தடவை, இரவு டேட்டா இருக்கும் நேரம் பார்த்து நாமே இறக்கிக்கொள்ளலாம்.

"பழைய ப்ரின்டர் இருக்கிறது." விண்டோஸ் 7இன் 64 பிட் ட்ரைவர் பல ப்ரின்டர்களுக்குப் புதியதிலும் வேலை செய்கிறது. முதலில் போட்டுப் பாருங்கள். பார்க்காமலே முடிவெடுக்க வேண்டாம்.

"விண்டோஸ் 11 ஸ்லோ." நான்கு ஜிபி ரெம் என்றால் ஸ்லோதான். எட்டாகக் கூட்டுங்கள். அதற்கு ஆகும் செலவு லெப்டொப்பின் விலையில் சிறு பகுதிதான்.

*உண்மையான காரணம்*

இவையெல்லாம் வெளியில் சொல்லும் காரணங்கள். எங்கள் மனதைக் கேட்டுப் பார்த்தால் உள்ளே இருந்தது வேறு. ஒன்று, மறுபடியும் படிக்க வேண்டும் என்ற சோம்பல். ஆசிரியர் கலாசாலையில் படித்ததோடு எல்லாம் போதும் என்ற நினைப்பு. இரண்டாவது, "நம்ம ஊருக்கு இது போதும்" என்ற எண்ணம். இந்த இரண்டாவதுதான் ஆபத்தானது.

நம் ஊருக்குப் பக்கத்தில்தான் லூல்கந்துர இருக்கிறது. இந்த மலைநாடு முழுக்கக் கோப்பி செழித்துக்கொண்டிருந்த காலத்தில், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது அங்கேதான். இரண்டு வருடத்தில், 1869இல், கோப்பியில் இலைநோய் வந்தது. அதன் பிறகு நாடே தேயிலைக்கு மாறியது. அந்தத் தேயிலைக்குப் பின்னால் தொழிலாளர்கள் பட்ட துன்பம் தனிக் கதை, அதை மறைக்க வரவில்லை. ஆனால் புதியதொன்று இந்த மலையில் ஆரம்பித்துத்தான் நாடு முழுக்கப் போயிருக்கிறது. அந்த மலையில் வாழ்ந்துகொண்டு நம் பிள்ளைகளுக்கு மட்டும் 2009 போதும் என்று ஏன் முடிவெடுக்க வேண்டும்?

2022இல் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360 வரை ஏறியது நினைவிருக்கும். அதோடு லெப்டொப் விலையும் ஏறியது. நம் குடும்பங்கள் நகையை அடகு வைத்து, சீட்டுப் பிடித்து, பிள்ளையின் உம்மாவைக் கடல் கடந்து அனுப்பி வாங்கும் சாமான் அது. அந்தக் காசுக்கு வாங்கியதன் பாதியை முதல் நாளே நாமே அழித்துவிடுகிறோம். பழையதைப் பாதுகாக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய வேலைக்குப் பழைய கணினி இருக்கட்டும். பிள்ளையின் புதிய லெப்டொப்பை அதற்குப் பலி கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

*செய்ய வேண்டியவை*

1. லெப்டொப் வாங்கும்போது விண்டோஸுடன் வருகிறதா, இல்லாமல் வருகிறதா என்று கேளுங்கள். பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

2. விண்டோஸுடன் வந்திருந்தால் அதன் உரிமச் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அழிந்துபோனாலும் மைக்ரோசொப்ட்டின் தளத்திலிருந்து அதே பதிப்பை இலவசமாக இறக்கிப் போட்டு, இணையத்தோடு இணைத்தால் தானாகவே செயற்படும். யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

3. விண்டோஸ் இல்லாமல் வாங்கியிருந்து, உரிமம் வாங்க வசதியும் இல்லையென்றால் லினக்ஸ் இருக்கிறது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டும் இலவசம், ஹலாலா என்ற கேள்விக்கே இடமில்லை. நம் ஹந்தானை மலையின் பெயரிலேயே 'ஹந்தான' என்று ஒரு லினக்ஸை இலங்கையர்கள் தொகுத்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

4. விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பாருங்கள். ஏற்காத பழைய கணினியை வீச வேண்டாம். அதற்கும் லினக்ஸ் பொருந்தும்.

5. முக்கியமான கோப்புகளை இன்னொரு இடத்தில் பிரதி எடுத்துவைத்து, பிரதி எடுத்ததும் பென் டிரைவைக் கழற்றிவிடுங்கள். செருகியபடியே இருந்தால் ரன்சம்வெயார் அதையும் பூட்டும்.

6. "அன்டிவைரஸை நிறுத்து" என்று எந்த மென்பொருள் கேட்டாலும் அந்த இடத்திலேயே அதை மூடிவிடுங்கள். நாங்கள் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

அந்த மாணவியின் லெப்டொப்பில் அன்றிரவே விண்டோஸ் 11ஐப் போட்டோம். கூடுதலான நேரம் டவுன்லோடுக்குத்தான் போனது. சாவி எதுவும் கேட்கவில்லை. வைஃபை வந்ததும் அவள் முதலில் செய்தது உம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்ததுதான். உம்மாவின் முகம் பெரிய திரையில் வந்தது. "இப்ப கிளாஸ் பாக்க ஏலுமா மகள்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வாங்கி ஐந்து கிழமையாக வேலை செய்யவில்லை என்பதை அவருக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் போலும்.

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, "இதுக்கா சேர் ஐஞ்சு கிழம புள்ளட படிப்ப வீணாக்கின?" என்றார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. வினாத்தாள்களை இழந்த அந்தக் காலையில் நாங்களும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டோம்.

வரும் சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நாங்கள் வீட்டில் இருப்போம். லெப்டொப்பில் இப்படிப் பிரச்சினை உள்ள பிள்ளைகள் எந்த ஊரவர், எந்த மதத்தவர் என்றாலும் கொண்டுவரலாம். காசு வேண்டாம். வரும்போது முக்கியமான கோப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்துவைத்துக்கொண்டு வாருங்கள். பாமினியில் டைப் செய்யும் நாநாமாரும் வாருங்கள், யுனிகோடுக்கு மாறும் வழியை உட்கார்ந்து பழகிக்கொள்ளலாம்.

இதில் பிழை இருந்தால் கமென்டில் திருத்துங்கள். பயன் இருந்தால் லெப்டொப் வாங்கப்போகும் ஒரு குடும்பத்துக்காவது அனுப்பிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.